கட்டு இன்னும் வந்துசேரவில்லை

பாம்பனில் பொழுது சாய ஏறினால்
மாட்டுத்தாவணியில் நடுச்சாமம்.
அங்கிருந்து ஆரப்பாளையம்,
ஆரப்பாளையத்திலிருந்து கரூர்.
கம்பெனிச் சங்கு ஊதும் நேரம்
கோர்ட் வாசல் வேம்படியில் நிற்பேன்
பல் விளக்க ஒரு குழாய் தேடி.

மீன்வலையை விட்டுக்
கொசுவலைக்குப் போனவர் ராஜகுகன்.
கடைசியாக ஒன்றாய்க் குடியிருந்த ஊர் என்று
வழக்கையும் அங்கேயே போட்டார்.
ஷிப்டு முடிந்து நடந்தே வரலாம்.
வரவில்லை. வக்கீல்தான் வந்தார்.

பதினொரு வாய்தா.
ஏழில் அவர் வக்கீல் அவகாசம் கேட்டார்.
இரண்டில் நீதிபதி விடுப்பு.
ஒன்றில் கோர்ட் புறக்கணிப்பு.
மிச்சம் ஒன்றில்
என் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்களாம்,
நம்பீஸ்வரி, நம்பீஸ்வரி, நம்பீஸ்வரி,
நான் கழிவறை வரிசையில் நின்றிருந்தேன்.
ஆஜராகவில்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

மாசத்தில் பன்னிரண்டு நாள்தான்
தண்ணீர் வற்றிப் பாசி எடுக்க விடும் கடல்.
வாய்தா தேதிக்குப்
பிறைக் கணக்குத் தெரியாது.

மதுரையில் மெகராஜ் பானு வக்கீல்
மாற்றல் மனு எழுதினார்.
படித்தும் காட்டினார்.
"மனுதாரர் ஒரு பெண்.
துணையின்றி முந்நூறு கிலோமீட்டர்
பயணிக்க இயலாதவர்.
வருமானம் இல்லாதவர்.
தகப்பனாரை அண்டி வாழ்பவர்."

இயலாதவர்னு போடாதீங்கக்கா,
போய்க்கிட்டுத்தானே இருக்கேன்.
எங்கப்பாதான் என்னை அண்டி இருக்காரு.

"முடியும்னு எழுதினா
அப்ப போகட்டுமேன்னு சொல்லிருவாங்கம்மா.
கையெழுத்துப் போடு."

பாசி அறுத்து அறுத்துத்
துணி சுற்றிய விரலால் போட்டேன்.
படிக்கக் கேட்டு உண்மையென ஒப்புக்கொள்கிறேன் என்பதற்குக் கீழே.

மறுநாள் சின்னப்பாலத்திலிருந்து தீவுப் பக்கம்.
வனத்துறைப் படகு தூரத்தில் திரும்பும் வரை
பாறையோடு பாறையாய்க் காத்திருந்து
மூச்சுப் பிடித்து முங்கினேன்.
கட்டைக்கோரை கைக்கு எட்டும்போதா
அந்தக் காகிதம் ஞாபகம் வரணும்?
துணையின்றி இயலாதவர்.
சிரித்துவிட்டேன்.
கண்ணாடிக்குள்ளும் வாய்க்குள்ளும் கடல்.
மேலே வந்து இருமி முடிக்கவே
ஒரு பாட்டம் போய்விட்டது.

அவருடைய எதிருரை வந்தது.
"மனுதாரர் தனியே தீவுக்குப் போய் வருபவர்.
இரண்டாள் ஆழத்தில் முங்குபவர்.
இருட்டோ காற்றோ எதற்கும் அஞ்சாதவர்.
கரூர் வருவது அவருக்குக் கஷ்டமே அல்ல."

எட்டு வருஷத்தில்
என்னைப் பற்றி அவர் சொன்ன நல்ல வார்த்தை இது ஒன்றுதான்.
அதுவும் வக்கீல் தட்டச்சில்,
எனக்கு எதிராக.

இரண்டையும் நீதிபதி படித்தார்.
அஞ்சாதவள் தோற்றாள்,
இயலாதவள் ஜெயித்தாள்.
வழக்கு ராமநாதபுரத்துக்கு மாறியது.

அது ஆனியில்.
இப்போது ஐப்பசி, வாடை திரும்பிவிட்டது.
"கட்டு இன்னும் வரலைம்மா" என்கிறார் குமாஸ்தா.
ஒரு ராத்திரியில் நான் போன தூரத்தை
நாலு மாசமாக வந்துகொண்டிருக்கிறது அது,
எங்கள் கல்யாணப் பத்திரிகையும்
மாலையோடு இருக்கும் படமும்
சான்றாவணம் ஒன்று இரண்டாய் உள்ளே கிடக்க.

போன வாரம் போனில் அவர்.
நம்பரை அழித்திருந்தேன், குரல் தெரிந்தது.
"ஆரப்பாளையத்துல இறங்கினா
மாட்டுத்தாவணிக்கு ராத்திரி பஸ் இருக்குமா?"

பன்னிரண்டுக்கு மேல இருக்காது.
ஆட்டோவுல முந்நூறு கேப்பான், இருநூறுக்கு வருவான்.
ராமேஸ்வரம் வண்டியில பின்சீட் வேணாம்,
பார்த்திபனூர் தாண்டித் தூக்கிப் போடும்.
பெட்டிய மடியில வச்சுக்கணும்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
மிஷின் ஓடும் சத்தம் மட்டும்.
பிறகு கேட்டார்:
"எல்லாத் தடவையும் தனியாவா வந்தே?"

மனுவுல எழுதியிருக்கே, படிக்கலையா,
துணையில்லாம எனக்கு முடியாதுன்னு.

வைத்துவிட்டு வெளியே வந்தேன்.
கரையில் பெண்கள் விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள்.
தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியிருந்தது.