கேட்ட பாய்

கப்பல் மூன்று வாரம் தாமதம்.
கடையில் இருப்பது அரிசி, டின் மாட்டிறைச்சி,
வண்டு ஊர்ந்த மைதா.
வெங்காயம் என்ற சொல்லையே
சாப்பாட்டு மேசையில் தவிர்க்கிறோம்,
செத்தவர் பெயரைப் போல.

விடியலில் கூரைக்கு மேலே பாட்டு.
பதநீர் இறக்கும் கபோவா
தென்னை உச்சியில் இருந்து பாடுகிறார்,
மேலே ஆள் இருக்கிறேன்,
கீழே குளிப்பவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று.
முதல் மாதம் நான் அதைப் பக்தி என்று எண்ணி
டனீடினுக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினேன்.

மர்ரே கிணறு கிணறாகப் போய்
உப்பை அளக்கிறான்.
டராவாவின் அகலம் அவனுக்கு மனப்பாடம்:
இந்தப் பக்கம் கடல்,
முந்நூற்றுப் பன்னிரண்டு எட்டு,
அந்தப் பக்கம் காயல்.
நடுவே, காலுக்கு அடியில்,
ஒரு தட்டு நன்னீர் மிதக்கிறதாம்
உப்புநீரின் மேல், எண்ணெய் மாதிரி.
அதன் மேல்தான் நாங்கள் துணி காயப்போடுகிறோம்,
சண்டை போடுகிறோம்,
அங்கஸுக்கு ஏழாம் வாய்ப்பாடு சொல்லித் தருகிறோம்.

பக்கத்து வீட்டு நேய் தெரேங்கா
முதலில் கத்தரிக்கோலுக்கு வந்தாள்.
புபுசி, என்றாள்.
கேட்கிறேன் என்று பொருள்.
கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது
என்பதும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள்ளேயே இருப்பது
பிறகுதான் தெரிந்தது.

கத்தரிக்கோல் போயிற்று.
மழைக்கோட்டு, பெரிய வாணலி,
ஒருநாள் அங்கஸின் சிவப்பு சைக்கிள்.
அவன் அழவில்லை.
நான்தான் குழாயில் தண்ணீர் வராத குளியலறையில்
தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நின்றேன்.
ஞாயிறன்று அதைப் பாலத்தருகே பார்த்தோம்,
முழங்கால் மூக்கில் இடிக்க ஒரு பாதிரியார் ஓட்ட,
இரு பக்கமும் சூரை மீன் தொங்க.
அங்கஸ் கையசைத்தான்,
சைக்கிளுக்கு.

நான் வளர்ந்த தெருவில்
ஒரு கோப்பை சர்க்கரை வாங்கினால்
அதே கோப்பையில் சர்க்கரை திரும்பும்,
ஒரு துகள் குறையாமல், கூடாமல்.
ஆகவே ஒரு நோட்டுப் போட்டேன்:
தேதி, பொருள், விலை.
புகையிலை சுருட்டத் தாள் கேட்டு கபோவா வந்தபோது
கைக்கு அகப்பட்டது அதுதான்.
ஜூன் முழுக்க அவர் ஊதித் தள்ளியது
என் கணக்கை.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை.
பிப்பாவுக்குக் காய்ச்சல்,
மெத்தையோ ஒழுகிய கூரையின் கீழ் ஊறிக் கிடந்தது.
நானே போனேன்.
இரண்டு வருடத்தில் முதல்முறையாக
அந்தச் சொல்லை என் வாயால் சொன்னேன்.
பரண் ஓரம் சுருட்டி வைத்திருந்த தாழம்பாயைக் காட்டினேன்,
ஓரமாகக் கிடப்பது பழையதாகத்தான் இருக்கும் என்று.
தெரேங்கா மீன் அரிந்துகொண்டிருந்தாள்.
கத்தி ஒரு நொடி நின்றது.
பிறகு கையைக் கழுவி, துடைத்து,
பாயை எடுத்து என் தோளில் வைத்தாள்.

மகளின் கல்யாணத்துக்கு.
பதினோரு மாத வேலை.
மர்ரே அலுவலகத்தில் விசாரித்து வந்து சொன்னான்.
திருப்பிக் கொடுக்கலாமா என்றேன்.
கேட்டதைவிட அது பெரிய பிழையாம்.

இப்போதும் தினம் வருகிறாள்.
பிஸ்கட் தின்கிறாள், மழையைப் பழிக்கிறாள்.
நான் புது டார்ச்சை மேசைமேல் வைக்கிறேன்,
தையல் மிஷினின் உறையைக் கழற்றி வைக்கிறேன்.
நல்லா இருக்கு, என்கிறாள்.
எதையும் கேட்காமல் போகிறாள்.
என் தூக்கம் போனது அதிலிருந்துதான்.

காய்ச்சல் விட்டும்
பிப்பா அந்தப் பாயை விடவில்லை.
இன்று மதியம் கன்னத்தில் பின்னல் அச்சுடன்
எழுந்து வாசலுக்கு வந்தாள்.
தெரேங்கா அவள் தாடையைப் பிடித்து
வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள்.
கட்டம் கட்டமாக விரலால் தடவிப் போய்
காதருகே நிறுத்தி, உதட்டைப் பிதுக்கி,
இந்த வரிசையில்
கொஞ்சம் இறுக்கியிருக்கலாம், என்றாள்.