சைரன் கழற்றிய வண்டி

ஏலத்தில் எடுத்தபோது
பதினோரு வருசத்து ஓட்டம் அதன் மேல் இருந்தது.
அதில் ஒன்பது வருசம் ஓட்டியவன் நான்தான்.
நீல விளக்கு இருந்த ஓட்டையை
எம்சீல் வைத்து அடைத்தேன்.
ஸ்ட்ரெச்சர் கிடந்த இடத்தில்
நம்பியூர் ஆசாரி பலகை அடித்துக் கொடுத்தார்.
அருக்காணி இலவம்பஞ்சு மெத்தை விரித்தாள்.
குளுக்கோஸ் பாட்டில் தொங்கிய கொக்கியில்
இப்போது வெங்காயப் பை ஆடுகிறது.

டெட்டால் வாசம் மட்டும் போகவில்லை.
சாம்பிராணி போட்டோம், எலுமிச்சை தேய்த்தோம்.
'கெடக்குது உடுங்க' என்றாள்.

கோபியில் கிளம்பும்போது விடிந்திருக்கவில்லை.
பழக்கத்தில் என் கால் எண்பதைத் தொட்டது.
'ஏனுங்க, பொறகால யாராச்சும்
சாகக் கெடக்கறாங்களா?'
கால் தானாகத் தளர்ந்தது.

ஆயிரம் தரம் கிழித்துக்கொண்டு போன ரோடு.
அரசூரில் ஒரு பள்ளிக்கூடம் இருப்பதே
இன்றைக்குத்தான் தெரிகிறது.
வாய்க்கால் மதகில் நீர்க்காகம் ஒன்று
சட்டை உலர்த்துகிறவனைப் போல
இறக்கையை விரித்து நின்றது.
அதற்காக வண்டியை நிறுத்தினோம்.
வேறெதற்குமில்லை, அதற்காக.

பண்ணாரியில் புற்றுமண் பூசிக்கொண்டாள்,
ஸ்டியரிங்குக்கும் ஒரு பொட்டு.
பிறகு திம்பம் ஏறினோம்,
அவள் வளைவுகளை வாய்விட்டு எண்ணினாள்.
நாலில் குரங்குகள்.
ஒன்பதில் மூச்சு வாங்கும் கரும்பு லாரி.
பன்னிரண்டில் பள்ளத்தாக்கு முழுக்க மேகம்,
அதற்கு மேல் தனியாக ஒரு பருந்து.

அப்புறம் பத்தொன்பது.

அங்கே நின்றுகொண்டிருந்தது,
ரோட்டுக்குக் குறுக்கே,
மண் பூசிய சுவர் ஒன்று
காதை ஆட்டுகிற மாதிரி.

என் கட்டைவிரல் டாஷ்போர்டில்
இல்லாத சுவிட்சைத் தேடியது.

அவளிடம் சொல்லாத ஒன்று உண்டு.
தாளவாடிப் பக்கத்துப் பெண், பேர் முத்தாயி,
பனிக்குடம் உடைந்து இறங்கிய ராத்திரி
இதே வளைவில் இதேபோல் ஒன்று நின்றது.
சைரனை அணைத்தேன். விளக்கை அணைத்தேன்.
நாற்பது நிமிசம்.
பின்னால் அவள் கத்தவில்லை,
பல்லைக் கடித்துக்கொண்டு
'போயிருச்சாங்ணா, போயிருச்சாங்ணா' என்று
என்னையே கேட்டுக்கொண்டிருந்தாள்.
சத்தி ஆஸ்பத்திரிப் படியில் இறக்கிவிட்டேன்.
அதற்குள் அடுத்த போன் வந்துவிட்டது.
தாயா பிள்ளையா, ரெண்டுமா,
இன்றுவரை தெரியாது.
எல்லாரும் வழிவிட்ட வண்டி அது.
வழிவிடாத ஒன்றை மட்டும்
மனசு விடாமல் பிடித்துக்கொண்டது.

சுவர் நகர்ந்தது, எங்கள் பக்கம்.
கால் அங்குலம் திறந்திருந்த கண்ணாடியில்
ஈரமான மூக்கு நுனி ஒட்டி
உள்ளே இருந்த காற்றை இழுத்தது.
டெட்டால், வெங்காயம், எங்கள் வேர்வை,
பலகைக்கு அடியில் இன்னும் யார் யாரோ.
நெடுநேரம் இழுத்தது.
அருக்காணி என் தொடையைக் கிள்ளியபடி
காதுக்குள் கேட்டாள்,
'வெங்காயத்தக் கேக்குதுங்களா?'

சிரிக்கக் கூடாத இடம்.
சிரிப்பை விழுங்கினேன்,
அது கண்ணில் வந்து நின்றது.

புதருக்குள்ளிருந்து குட்டி ஒன்று இறங்கி
அவசரமே இல்லாமல்
எங்கள் பம்பரைத் தொட்டுப் பார்த்துவிட்டு
ரோட்டைக் கடந்தது.
சுவரும் பின்னாலேயே போனது.
கடிகாரத்தை நான் பார்க்கவில்லை.

ராத்திரி தாளவாடி தாண்டி
முட்டைக்கோசுக் காட்டோரம் நிறுத்தினோம்.
காட்டுக்காரர் சிக்கமாதப்பா
பாதி கன்னடத்தில் பாதி நம் பேச்சில்
கதவைத் திறக்காதே என்றார்.
நடுச்சாமத்தில் காட்டெருமைகள் வந்தன,
முட்டிவரை வெள்ளைச் சாக்ஸ் போட்டுக்கொண்டு,
யாரோ திட்டுவார்கள் என்று தெரிந்தே
லேட்டாக வரும் பிள்ளைகள் மாதிரி.
கோசு நொறுங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே
பலகையில் மல்லாந்து கிடந்தேன்.
ஒன்பது வருசம் ஓட்டியும்
இந்த வண்டியின் கூரையை
கீழிருந்து பார்த்ததில்லை.
அதில் ஒரு ஆணி.
அதையே பார்த்தபடி எத்தனை பேர் போயிருப்பார்கள்.

தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.
இருட்டுக்குள் கேட்டாள்,
'இருவத்தேழு வளைவுன்னீங்க,
நான் இருவத்தாறுதான் எண்ணுனேன்.
ஒன்னு எங்கீங்க போச்சு?'

சொல்கிறேன் என்றேன்.
எழுந்து உட்கார்ந்தேன்.
வெளியே கோசு நொறுங்கிக்கொண்டிருந்தது.