மற்றும்

வங்கிக்காரர்கள் மட்டும்தான் இன்னும்
எங்களைச் சேர்த்துக் கூப்பிடுகிறார்கள்.
கெத்தின் பெவன் மற்றும் டெலித் ஹாவெல்.
பழுப்பு உறையின் கண்ணாடிச் சன்னலுக்குள்
தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன பெயர்கள்,
டென்பி கடற்கரையில் எடுத்த படத்தில் நின்றதைப் போல.
படத்தை ஏப்ரலில் கழற்றிவிட்டேன்.
ஆணி இருக்கிறது.

போகும்போது அவன் நாயை எடுத்துக்கொண்டான்.
சுவரைத் துளைக்கும் மெஷினை.
கனத்த இரும்புச் சட்டியை
(அவன் அம்மா கொடுத்தது, சரி).
சோபா எனக்கு.
முப்பத்தொரு தவணை மிச்சமிருக்கிற சோபா.
நான் உட்காரும் பக்கம் மட்டும்
ஆழமாகிக்கொண்டு வருகிறது.

சண்டை போட்டுப் பிரியவில்லை நாங்கள்.
உலையை அணைத்த வருஷம்
அவன் பேச்சைக் குறைத்தான்,
நான் அட்டையைத் தேய்த்தேன்.
அவ்வளவுதான் நடந்தது. அது போதுமாயிருந்தது.
கடைசி ஞாயிறு ஒரு தாளில் கோடு போட்டோம்:
வேன் கடன் அவனுக்கு,
சமையலறைக் கடன் எனக்கு,
அட்டைகள் இரண்டும் பாதிப் பாதி.
இரண்டு பேரும் கையெழுத்துகூடப் போட்டோம்,
ஏதோ நாட்டை ஆள்கிறவர்கள் மாதிரி.

அந்தத் தாளோடுதான் போனேன்
முடிதிருத்தும் கடைக்கு மேலே,
மாடியில் இருக்கும் கடன் ஆலோசனை அறைக்கு.
மழைக்கோட்டை மாட்ட இடமில்லை.
மடியில் வைத்துக்கொண்டேன், பாவாடை நனைந்தது.
மிஸஸ் ப்ரோதரோ மூக்குக்கண்ணாடியை ஏற்றித்
தாளைப் படித்தாள்.
கையெழுத்து அழகு என்றாள்.
பிறகு சொன்னாள்:
கூட்டுக் கடனில் பாதி என்று ஒன்று கிடையாதும்மா.
உனக்கும் முழுசு. அவனுக்கும் முழுசு.

முழுசு.
பதினோரு வருஷம்
அவனிடம் நான் கேட்டது அதைத்தான்.

நீ மஞ்சள் கடுதாசி கொடுத்தால்
உன் பெயர் மட்டும் கழன்றுகொள்ளும், என்றாள்.
கணக்கு அப்படியே எழுந்துபோய்
அவன் வாசலில் நிற்கும்.
அவன் முந்திக்கொண்டால் உன் வாசலில்.
கீழே யாருக்கோ கிருதா இறக்கினார்கள்.
மெஷின் சத்தம் தரை வழியாக
என் செருப்புக்குள் ஏறியது.

திவாலாவதற்குக் கட்டணம்
அறுநூற்று எண்பது பவுண்டு.
நான் சிரித்துவிட்டேன்.
தினமும் அந்த இடத்தில் சிரிப்பவள்போல
அவளும் சிரித்தாள்.
தவணையிலும் கட்டலாம், என்றாள்.

பள்ளிக்கூடச் சமையலறையில் எனக்கு வேலை.
வெள்ளிக்கிழமை மீன் துண்டு, பட்டாணி.
காசில்லாத பிள்ளைக்கும் தட்டு நிறையும்,
யாரும் பார்க்காத மாதிரி
நானும் பார்க்காமல் இருந்துவிடுவேன்.
வாரம் நாற்பது பவுண்டு
காலியான கோக்கோ டப்பாவில்.
பன்னிரண்டு வாரம் ஆகிவிட்டது.
ராத்திரியில் படிவத்தைத் திறந்து
பெயர், பிறந்த தேதி வரை அடிப்பேன்.
நீங்கள் யாருடன் வசிக்கிறீர்கள்?
அந்தக் கட்டத்தில்
திரை தானாக அணைந்துபோகும்வரை உட்கார்ந்திருப்பேன்.
என் ஒரு விரல் அழுத்தலில்
அவன் தலையில் எல்லாம் விழும் என்று
ஒரு ராத்திரி சந்தோஷமாக இருந்தது.
ஒரே ஒரு ராத்திரி. பொய் சொல்ல மாட்டேன், இரண்டு.

செவ்வாய்க்கிழமை கூப்பிட்டான்,
லனெல்லியிலிருந்து, அண்ணன் வீட்டுப் பின்னறையிலிருந்து.
நானும் ஒரு இடத்துக்குப் போயிருந்தேன், டெல், என்றான்.
தெரியும் என்றேன். தெரியாது.
எவ்வளவு சேர்த்திருக்கே?
நானூற்று எண்பது. நீ?
ஐந்நூற்று இருபது.
ஒரு வாரம் என்னை முந்தியிருந்தான்.
அந்தப் பக்கம் கெட்டில் கொதித்து, தானே நின்றது.

நான் நிக்கட்டுமா, என்றான்.
நீ வர்ற வரைக்கும்?

பதினோரு வருஷம் கேட்டும் கேட்காமலும்
தள்ளிப்போட்ட ஒன்றை
அப்போது செய்தோம்.
காலண்டரைப் புரட்டி நாள் குறித்தோம்.
மார்ச் ஆறு, வியாழன், காலை பத்து.
அவன் அங்கே, நான் இங்கே,
ஒரே நிமிஷத்தில் அழுத்துவது.

நாய் எப்படி இருக்கு, என்றேன்.
நகம் வெட்டணும், என்றான்.
என்கிட்டே காட்ட மாட்டேங்குது.