இரண்டாவது எழுத்து

கொட்டகையில் டிராலிபஸ்ஸை விட்டுவிட்டு வந்து
யுர்கிதா தன் இயங்குதளத்தை எழுப்புகிறாள்.
ஒரு விசை தட்டினால் ஓர் எழுத்து.
அதோடு செவிடு.
கௌனஸில் பனி விழத் தொடங்கியதிலிருந்து இதே கதை.

காலை, சவனோரியு சாலை ஏற்றம்.
பின்கதவருகே ஒரு பையன் மணியை அழுத்துகிறான்.
சிவப்பு விளக்கு.
மறுபடி அழுத்துகிறான், மறுபடியும்.
சத்தமில்லை.
கதவு திறந்தால்தான் விளக்கு அணையும்;
அணைந்தால்தான் அடுத்த மணி.

அவள் சிரித்த சிரிப்பில்
முன்சீட்டு மனிதர் செய்தித்தாளை இறக்கினார்.

இரவு ஒரே வரி சேர்த்தாள், குறுக்கீட்டின் கடைசியில்:
இருபதாம் துறைக்கு ஓர் இருபது.
ஆச்சு, அடுத்தது வரலாம்.

தட்டினாள். திரை சொன்னது:
யுயுர்ர்கிகிதாதா.

விசையை அழுத்தினால் ஒரு மணி,
விட்டாலும் ஒரு மணி.
அதை நாளை பார்க்கலாம்.
காலையில் ஐந்து மணி வண்டி.