பதினான்காம் தடை

டல்லோவில் எனக்கு இறைச்சிக்கடை.
ஜூனில் ஒரு சனிக்கிழமை மட்டும்
கத்தியை மைத்துனனிடம் கொடுத்துவிட்டு
மடக்கு நாற்காலி, விசில், ஃபிளாஸ்க் நிறையத் தேநீரோடு
பதினான்காம் தடையருகே உட்கார்ந்துவிடுவேன்.
குறுக்கே ஒரு மரத்தண்டு, அதற்கப்பால் முழங்காலளவு தண்ணீர்.
தாண்டினால் ஒரு டிக். மறுத்தால் இருபது.
அவ்வளவுதான் உத்தியோகம்.

டெர்வ்லா ஹானிஃபியைத் தெரியுமா என்று கேட்கிறார்கள்.
தெரியும்.
வருஷத்துக்கு ஆறு நொடி.

முதல் வருஷம் பல்லில் கம்பி கட்டிய பெண்.
இரவல் வாங்கிய செம்பழுப்புப் பெட்டை.
அவள் என்னைப் பார்க்கவில்லை. பெட்டை பார்த்தது.

நாலாம் வருஷம்தான் அந்தச் சாம்பல் குதிரை, பிஷப்.
தண்ணீரைக் கண்டதும்
நாலு காலையும் ஊன்றி
ஒற்றைக்காலில் நின்றது.
இருபது எழுதினேன்.
"மன்னிச்சுக்கோ" என்றாள்.
எனக்கல்ல.

ஏழாம் வருஷம் இரண்டு பேருமே உள்ளே.
சிவப்புக் கொடியைத் தூக்கினேன்.
குதிரை எழுந்தது.
ஆம்புலன்ஸ் குன்றுக்கு அந்தப் பக்கம் சேற்றில்.
அவள் கைப்பட்டையைப் பிரித்து
அட்டையை நான்தான் வாசித்தேன்:
பென்சிலின் ஆகாது. தலையில் அடி, இரண்டு முறை.
அவசரத்துக்கு அழைக்க: அப்பா பெயர், அதன்மேல் ஒரு கோடு.
கீழே நீல மையில்
கால்நடை மருத்துவரின் நம்பர்.
அழைத்தேன்.
"எந்தக் கால்?" என்றார் அவர்.
குதிரைக்கு ஒன்றுமில்லை என்றேன்.
கொஞ்சநேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்லை.

பிறகு அவள் எல்லோருக்கும் தெரிந்தவளானாள்.
வெளிநாட்டில் ஒரு பதக்கம். கார்லோ பஸ்ஸின் முதுகில் முகம்.
தீவன மூட்டையில் சிரிக்கிறாள்,
'ஓட்ஸ், இருபது கிலோ' என்பதற்கு மேலே,
கம்பியில்லாத பல்வரிசை.
பத்திரிகையில் முழுப்பக்கம்:
வயது, உயரம், வென்றவை, பிடித்த காலை உணவு.
கடைக்கு வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு
எனக்கே அவளை அறிமுகம் செய்கிறார்கள்.
நான் எலும்பு வெட்டிக்கொண்டிருப்பேன்.

பிஷப்பை அதன் முதலாளி விற்றது
அதே பக்கத்தில் கடைசிப் பத்தி, ஒரே வரி.

இந்த ஜூனில் பிஷப் வந்தது.
முதுகில் வேறொருவன்.
அப்போது மறுத்த குதிரை
என் தண்ணீருக்கே தண்ணி காட்டிவிட்டுப் போனது.

இருபது நிமிஷம் கழித்து அவள்.
புதுக்குதிரை, காது இரண்டும் இரண்டு திசையில்.
நேர்வழியை விட்டுச் சுற்றுவழிக்குத் திருப்பினாள்.
"போச்சு, பரிசு போச்சு" என்றது
கயிற்றுக்குப் பின்னால் ஒரு குடை.
குதிரை ஒரு குளம்பை நனைத்துப் பார்த்தது.
பிறகு அடுத்ததை.
அவள் அதன் கழுத்தோடு ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள்,
காற்று என் பக்கம் வீசவில்லை.

பதினான்கு நொடி, இந்த வருஷம் எனக்கு.

டிக் போட்டேன்.
'குறிப்பு' என்ற கட்டத்தில்,
வாத்துகள் கரை மாறின, என்று எழுதி
மழை விழுமுன் தாளை மூடினேன்.
அடுத்த எண் முப்பத்தொன்று.