செயப்பாட்டு வினை

ஜனவரியில் கல்லூரி திறந்த அன்று
கரும்பலகையில் முதலில் எழுதியது
அந்தச் சொல்லைத்தான்.
முதலெழுத்து ஊமை,
உச்சரிக்கக் கூடாது என்றேன்.
எதற்கும் சிரிக்கும் கடைசி பெஞ்சு
குனிந்து எழுதிக்கொண்டது.
இருபத்தேழாம் எண். சுகுணவதி.
"சீனிவாசபுரம், மேடம்" என்றாள் ஒருத்தி.
அதற்கு மேல் சொல்லவில்லை.
வருகைப் பதிவேட்டில்
வந்தவருக்கு ஒரு குறி, வராதவருக்கு ஒரு குறி.
பேனா கட்டத்துக்கு மேலேயே நின்றது.

மூன்றாம் அலகில் ஒரு கவிதை,
கடலை வாழ்த்தி நாற்பத்தெட்டு வரி.
அதில் கரையில் நிற்கிறவன் தனியாக நிற்கிறான்.
அவனுக்கு மீன் விற்க வேண்டியதில்லை,
வலை உலர்த்த இடம் தேட வேண்டியதில்லை.
என் முனைவர் பட்டமே
அவன் தனிமையைப் பற்றித்தான்:
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
சேப்பாக்கத்தில், கடலுக்கு முதுகைக் காட்டிய
நாற்காலியில் உட்கார்ந்து எழுதினேன்.
காலை வெயில் கண்ணில் அடிக்கும்.

முகாமில் படிவம் நிரப்ப
இங்கிலீஷ் தெரிந்த ஆள் வேண்டுமென்றார்கள்.
போனேன்.
இறந்தவருக்கும் உங்களுக்கும் உள்ள உறவு:
அரை அங்குலக் கட்டம்.
காணாமல்போனவருக்குக் கட்டமே இல்லை.
மூன்றாம் நாள் வெளிநாட்டுத் தொலைக்காட்சிக்காரன்
அஞ்சலாட்சியின் முன் மைக்கை நீட்டி
மனசு எப்படி இருக்கிறதென்று கேளுங்கள் என்றான்.
கேட்டேன்.
"என்னாத்த சொல்ல" என்றாள்.
அவளிடம் வார்த்தைகள் இல்லை
என்று மொழிபெயர்த்தேன்.

தப்பு.
இருந்தன. இரண்டு.
அவற்றைத்தான் சொன்னாள்.
பிறர் பிழையைச் சிவப்பு மையில் வட்டமிட்டுச்
சம்பளம் வாங்குகிறவள் நான்.
என் பிழை அன்றிரவு
எந்தெந்த ஊரிலோ ஒளிபரப்பானது.

பிப்ரவரியில் துறை கூடியது.
பேரிடர் இலக்கியம் என்று புதுத் தாள், நான்கு கிரெடிட்.
தேசியக் கருத்தரங்கு,
பதிவுக் கட்டணம் ஐந்நூறு, மதிய உணவு உட்பட.
சணல் பை உண்டா என்று ஒருவர் கேட்டார்.
குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பாக்கியமுத்து சார்
கெட்டவரல்ல;
வேளாங்கண்ணிக்குப் போன அவர் மச்சான்
இன்னும் வரவில்லை.
நானும் ஒரு கட்டுரைச் சுருக்கம் அனுப்பினேன்.
தலைப்பில் அவளுடைய இரண்டு சொற்கள்,
சாய்வெழுத்தில்.
ஏற்றுக்கொள்ளப்பட்டது.
சான்றிதழ் பீரோவில் இருக்கிறது,
புடவைகளுக்கு அடியில்.

அதன்பிறகு கவிதையை நிறுத்தினேன்.
நிறுத்தவில்லை, நாலு பீரியட் தள்ளிவைத்தேன்.
படிவங்களை ஜெராக்ஸ் எடுத்துப்போய்
வகுப்பில் நிரப்பச் சொன்னேன்.
தாசில்தாருக்கு மனு, படகுக்கு இன்ஷூரன்ஸ்,
பதில்கள் வந்தால் எப்படி வரும் என்பதும்:
பெறப்பட்டது. பரிசீலிக்கப்படும். நிராகரிக்கப்பட்டது.
"யாரால மேடம்?" என்றான் தேசப்பன்.
செய்தவர் தெரியாவிட்டால்
விட்டுவிடலாம் என்பது விதி.
நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.
"இது எக்ஸாமுக்கு வருமா?" என்றது இன்னொரு குரல்.
நியாயமான கேள்வி.
வராது என்றேன்.
பாதிப் பேர் பேனாவை மூடினார்கள்.

ஏப்ரல். விடைத்தாள் திருத்தும் கூடம்.
மின்விசிறிக்குத் தாள் பறக்காமல் இருக்க
ஆளுக்கொரு கல் கொடுத்திருந்தார்கள்.
ஒரு தாள், பெயர் கிடையாது, பதிவெண் மட்டும்.
எந்தக் கல்லூரியோ.
சொந்தமாகச் செயப்பாட்டு வாக்கியம் ஒன்று எழுதுக:
அந்தக் கேள்விக்கு எழுதியிருந்தது,
என் தம்பி எடுத்துக்கொள்ளப்பட்டான்,
பை த ஸீ.

அந்த மொழியில் அதற்குக்
கடலால் என்றும் பொருள்,
கடலோரத்தில் என்றும் பொருள்.
எழுதிய கைக்கு இது தெரியுமா தெரியாதா.
இருபது வருஷம் படித்த எனக்கு
அன்றுவரை உறைத்ததில்லை.
விதிப்படி விட்டிருக்கலாம் அந்தக் கடைசிச் சொற்களை.
விடவில்லை அந்தக் கை.

ஒரு மதிப்பெண் கேள்வி.
ஒன்று போட்டேன்.
கல்லைத் தூக்கி
அடுத்த தாளை எடுத்தேன்.