ஐம்பத்தேழாவது ராடு

ராடு ஒன்று இருபது அடி.
எனக்குத் தெரிந்த அளவுகோல் அதுதான்.
முதல் வாசலைத் தாண்டும்போதே
"ஆறு ராடு ஏறியாச்சுடா" என்றேன்.
புத்ராம் சிரித்தான்.
பஸ்தார்க்காரன், எங்கள் வண்டியில் ராடு மாட்டுகிறவன்.
செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு
வெறுங்காலில் போய்க்கொண்டிருந்தான்.

பத்தொன்பது வருசம் கீழேயே போனவன் நான்.
திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு போய்
ஜெய்சால்மர் மணல், விதர்பாவின் கரிசல்,
ஒருமுறை கப்பலேறித் தான்சானியாவின் செம்மண்,
எல்லாம் துளைத்தாயிற்று.
வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் தெரிகிற
சங்ககிரி மலைமேல்
இன்றைக்குத்தான் கால் வைக்கிறேன்.
கம்ப்ரசர் ரிப்பேர். ஞாயிற்றுக்கிழமை.
வேறு காரணம் இல்லை என்றேன் புத்ராமிடம்.
அவன் கேட்கவே இல்லை.

படி தீர்ந்து பாறை வந்தது.
சரிவில் கை ஊன்றியதும்
கல்லை அதுவே படிக்க ஆரம்பித்தது:
மேலே வெள்ளை, உள்ளே கருப்பு.
நாற்பதடியில் பிட் தேயும்.
இருநூறில் ஒரு பிளவு இருந்தாலும் இருக்கும்.
புகைதான் வரும்.

போன வாரம் மல்லசமுத்திரத்துக்கு அக்கட்டாலயும்
புகைதான் வந்தது.
எழுநூறில் நிறுத்திக்கலாமுங்களா என்றேன்.
பூவாத்தாளக்கா காதில் கம்மல் இல்லை,
ஈர்க்குச்சி செருகியிருந்தார்.
"இன்னொரு நூறு போடுங் தம்பி."
அதற்கப்புறம் இன்னொரு நூறு.
அதற்கப்புறம் அவர் வாயால் சொல்லவில்லை,
விரலைக் காட்டினார்.
ஆயிரத்து நூற்று நாற்பதில் நான்தான் நிறுத்தினேன்.
கட்டுத்தாரையில் எருமை
உடம்பெல்லாம் வெள்ளையாக நின்று தும்மியது.
தண்ணிக்கு ஒரு ரேட்டு, புகைக்கு ஒரு ரேட்டு என்று
எங்கள் தொழிலில் இல்லை.
அவர் எண்ணிக் கொடுத்தார்.
நானும் எண்ணி வாங்கினேன்.

இடிந்த ஒரு மதில் ஓரம்
மூச்சு வாங்க உட்கார்ந்தேன்.
மனசு கணக்கைச் சொன்னது: ஐம்பத்தேழாவது ராடு.
குனிந்து பார்த்தேன்.
ஏறின தடம், வாசல்கள், அடிவாரத்தில் என் பைக்,
பைக் என்று தெரிந்ததால் மட்டும் பைக்.
இவ்வளவா?
இவ்வளவு தூரமா அந்தம்மா
ஆறரை அங்குல ஓட்டை வழியாகப்
பார்த்துக்கொண்டிருந்தார்?

"அண்ணா, பானி" என்று மேலேயிருந்து கூப்பிட்டான்.
பாட்டில் கேட்கிறான் என்று நினைத்தேன்.

உச்சியில் சுனை.
யாரும் பாயிண்ட் பார்க்காமல்,
தேங்காய் உருட்டாமல்,
மொட்டைப்பாறையின் நடு வயிற்றில்
பச்சையாகத் தண்ணீர்,
அதன்மேல் இரண்டு தட்டான்கள்.
முகம் கழுவிக்கொண்டே கேட்டான், எத்தனை அடி இருக்கும்?
கல்லொன்றைப் போட்டு எண்ணினேன்.
சத்தம் திரும்பவில்லை.
எனக்குத் தெரியலடா என்றேன்.
இந்தக் கேள்விக்கு நான் இப்படிச் சொல்வது இதுதான் முதல் தடவை.

காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது.
பைபாஸில் லாரிகள் சத்தமே இல்லாமல் போயின.
சிமெண்ட் ஆலைப் புகைபோக்கி,
தெற்கே எங்கள் ஊர் மலை,
மேற்கில் வெயில் பட்ட ஒரு கோடு, காவிரியாக இருக்கவேண்டும்.
கிழக்கே ரொம்ப நேரம் தேடினேன்.
ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது.
நான் கொட்டிய கல்மாவாக இருக்கலாம்.
கோழிப்பண்ணைக் கூரையாகவும் இருக்கலாம்.

போன் அடித்தது. ஏஜெண்ட் ராக்கியண்ணன்.
வையப்பமலையில் புதுப் பாயிண்ட்டாம்,
முந்நூறில் ரெண்டு ஊற்றுக் கூடுதாம்.
"டவர் கிடைக்கலீங்" என்றேன்
நாலு கோடும் நிறைந்திருந்த போனில்.

இறங்கினோம்.
இறங்குவது பழகினதுதானே என்றிருந்தேன்.
முட்டி ரெண்டும் வெடவெடத்தன.
புத்ராம் முன்னால் போய்
ஒவ்வொரு கல்லையும் மிதித்துப் பார்த்தான்,
ஆடாததில் நின்று
கையை நீட்டினான்.